செத்த தோலுக்கு ஒரு தடவை போதும்

சேகரு,

நேற்று காலை மேலே நூற்று முப்பத்தி நாலு, கீழே எண்பத்தி ரெண்டு. இதைச் சொல்லத்தான் கபூர் பாயைப் பேனாவும் கையுமாக உட்கார வைத்திருக்கிறேன். நீ நலமா, மருமகள் நலமா, பேத்தி எப்படிப் படிக்கிறாள் என்று முறையாகக் கேட்க வேண்டியதை எல்லாம் பிறகு கேட்டுக்கொள்கிறேன். இந்த நம்பர் நேற்றிலிருந்து என் வாயில் நிற்காமல் துள்ளிக்கொண்டிருக்கிறது. டீக்கடையில் சொன்னேன், ரேஷன் கடை வரிசையில் முன்னால் நின்றவனிடம் சொன்னேன், அவன் ஏதோ லாட்டரி நம்பர் என்று நினைத்துக்கொண்டான். இருபத்தாறு நாளாக ஒரு நாளும் விடாமல் பிரஷர் மாத்திரை போடுகிறேன் சேகரு. பொங்கலுக்கு வந்தபோது சமையலறை வாசலில் நின்று தெருவே கேட்கும்படி யாரைப் பார்த்துக் கத்தினாயோ, அந்த உன் அப்பன்தான் போடுகிறேன்.

போனில் சொல்லலாம் என்றுதான் இரண்டு முறை எடுத்தேன். நீ ஷூ கம்பெனியில் லைனில் நின்றுகொண்டு "சரி நைனா, சரி நைனா, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். இந்த விஷயம் அப்படி வைத்துவிடக் கூடியது இல்லை. நான் கைநாட்டு. ஆனால் எனக்கு எதுவும் மறக்காது, அதுவும் உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல கபூர் பாய் எழுதுகிறார். டெனரியில் என்னோடு முப்பது வருஷம் தோல் மருந்து ஸ்டோரில் இருந்தவர், எழுத்து முத்து மாதிரி இருக்கும். நான் பேசுவதை அவர் பள்ளிக்கூடத் தமிழில் போடுகிறார், ஆள் பேசுவதை மட்டும் பேசுகிறபடியே போடச் சொல்லியிருக்கிறேன். கடுதாசியை உன் வீட்டு விலாசத்துக்கு அனுப்பவில்லை, கம்பெனி விலாசத்துக்கு அனுப்புகிறேன். வாலாஜாபேட்டைக்கு அனுப்பினால் மருமகள் பிரித்துவிடுவாள். ஏன் அவள் பிரிக்கக் கூடாது என்று போகப் போக உனக்கே தெரியும். இப்போதே தெரிந்திருந்தால், நல்லது, உட்கார்ந்து படி.

எட்டு வருஷம் பின்னால் போகிறேன். நான் வேலையிலிருந்து நிற்பதற்கு முந்தைய வருஷம் டெனரியில் ஒரு கேம்ப் போட்டார்கள். டிரம் ஓட்டுகிறவன், சுண்ணாம்புக் குழியில் நிற்கிறவன், எல்லாரையும் வரிசையில் நிறுத்திக் கையில் பட்டை கட்டிப் பிரஷர் பார்த்தார்கள். எனக்கு மேலே நூற்று எழுபத்தி எட்டு, கீழே நூற்று நாலு. எழுதிக் கொடுத்த மாத்திரையை இரண்டு மாசம் ஒழுங்காகப் போட்டேன். மறுபடி அளந்தார்கள், நூற்று முப்பது, எண்பது. நர்சம்மா சிரித்துக்கொண்டே "நார்மல்" என்றாள். அன்றோடு நிறுத்திவிட்டேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. நான் தொடரணுமா என்று கேட்கவும் இல்லை. ஏன் கேட்கவில்லை தெரியுமா? எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். நாற்பத்தி நாலு வருஷம் டிரம்முக்கு மருந்து போட்டவனுக்கு மருந்தைப் பற்றி யாரிடம் கேட்கணும்?

நீ ஷூ தைக்கிற பக்கம் இருக்கிறாய், தோல் எப்படித் தோல் ஆகிறது என்று பார்த்ததில்லை, அதனால் சொல்கிறேன். டிரம்முக்குள் பச்சைத் தோல் சுற்றிக்கொண்டிருக்கும். உள்ளே ஊற்றுகிற கெமிக்கலை நாங்கள் மருந்து என்றுதான் சொல்லுவோம். ஒரேயடியாக ஊற்றக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கணும். நாலு மணி, ஐந்து மணி நேரம் சுற்றினதும் டிரம்மை நிறுத்தி, ஒரு தோலை இழுத்து, கழுத்துப் பக்கம் கனமான இடத்தில் கத்தியால் ஒரு வெட்டு வெட்டிப் பார்ப்பேன். நடுவில் வெள்ளைக் கோடு தெரிந்தால் மருந்து இன்னும் உள்ளே இறங்கவில்லை, இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டு. மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரே நீலமாக இருந்தால் பதமாகிவிட்டது. சந்தேகம் இருந்தால் ஒரு துண்டைக் கொதிக்கிற தண்ணீரில் போடுவோம், சுருங்கவில்லை என்றால் முடிந்தது. அதற்கப்புறம் அந்தத் தோல் அழுகாது. மழையில் கிடந்தாலும் அழுகாது. பதமான தோலுக்குத் திரும்பவும் அதே மருந்தைப் போடுகிறவனைப் பார்த்தால் மேஸ்திரி செருப்பைக் கழற்றுவார். என் உடம்பையும் அப்படித்தான் கணக்குப் போட்டேன். இரண்டு மாசம் மருந்து ஓடியது, நூற்று முப்பதுக்கு வந்தது, வெட்டிப் பார்த்தால் உள்ளே எல்லாம் நீலமாக இருக்கும், முடிந்தது வேலை. அந்த வருஷம் நீ கேட்டாய், எனக்கு ஞாபகம் இருக்கிறது, பஸ் ஸ்டாண்டில் சாத்துக்குடி வாங்கிக்கொண்டே கேட்டாய், "மாத்திர போடறியா நைனா?" நான் சொன்னேன், "அதெல்லாம் பதமாய்டுச்சிடா." நீயும் சரி என்று பஸ் ஏறிவிட்டாய். அந்த ஒரு வார்த்தையில் நாம் இரண்டு பேரும் எட்டு வருஷத்தைக் கடத்தியிருக்கிறோம்.

இரண்டு வருஷமாகத் தேன்மொழி வருகிறாள். தோளில் பையும் அதற்குள் பிரஷர் மிஷினும் வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்து அளந்து, மாசத்துக்கு ஒருமுறை மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிற சுகாதாரப் பொண்ணு. அவள் அளக்கும்போதெல்லாம் எனக்கு நூற்று எழுபதுக்குக் கீழே வந்ததில்லை. நான் சாக்குச் சொல்லுவேன், வெயிலில் வந்தேன், மாடி ஏறினேன், உன் அம்மாவோடு சண்டை என்று. அவள் விட மாட்டாள். "பேசாம அஞ்சு நிமிஷம் குந்துங்க தாத்தா, கால மடக்காதீங்க, சாஞ்சி குந்துங்க, வாய மூடுங்க" என்று உட்கார வைத்து மறுபடி அளப்பாள். மறுபடியும் அதே நம்பர் வரும். மாத்திரையைக் கொடுப்பாள். வாங்கிக்கொள்வேன். வேண்டாம் என்று சொன்னால் அவள் கிளாஸ் எடுப்பாள், வாங்கிக்கொண்டால் போய்விடுவாள். வாங்கினதை எல்லாம் பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுச் சமையலறைப் பரணில் வைத்தேன். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, பாலாற்றுப் பாலம் வரைக்கும் சைக்கிள் மிதிக்கிறேன், எனக்கு எதற்கு மாத்திரை என்று இருந்தேன். பொங்கலுக்கு ஏலக்காய் தேடிப்போன நீ அந்த டப்பாவைத் திறந்துவிட்டாய்.

"இது இன்னா நைனா, மெடிக்கல் ஷாப்பா?" என்று அட்டைகளைத் தரையில் கொட்டினாயே. "நீ உழுந்தா யாரு தூக்கறது? அம்மா தூக்குமா? நான் லீவு போட்டுட்டு வந்து தூக்கணுமா?" என்றாய். நான் என்ன சொன்னேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது. "உன்ன நான் தூக்கி வளத்தப்ப லீவு போட்டனா?" என்றேன். கெட்டிக்காரத்தனமாகப் பேசிவிட்டோம் என்று அன்று சாயந்திரம் வரைக்கும் எனக்குள் ஒரு சந்தோஷம். வெட்கமாக இருக்கிறது இப்போது.

வெட்கத்துக்குக் காரணம் இன்னொன்று. பொங்கலுக்கு முன்னால் கார்த்திகை மாசத்தில் நடந்ததை உனக்குச் சொல்லவில்லை. உன் அம்மா குடியாத்தத்தில் சீமந்தத்துக்குப் போயிருந்தாள். நான் டீ போட்டுக் கண்ணாடி கிளாஸில் ஊற்றி எடுத்துக்கொண்டு நாற்காலிக்கு வந்தேன். இடது கையில் இருந்த கிளாஸ் தானாகக் கீழே இறங்கிப் போனது. கை நழுவவில்லை சேகரு, கை என்னுடையதாகவே இல்லை. 'ஐயோ' என்று சொல்லப் பார்த்தேன். நாக்கு பச்சைத் தோல் மாதிரி கனமாகக் கிடந்தது, வாயின் ஒரு பக்கமாக ஏதோ ஒரு சத்தம்தான் வந்தது. நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தேன். தெருவில் காஸ் சிலிண்டர் வண்டி நின்றது, சிலிண்டர் இறக்கினார்கள், வண்டி கிளம்பியது. அதற்குள் கை திரும்பி வந்துவிட்டது, பேச்சும் வந்துவிட்டது. பத்து நிமிஷம் இருக்கலாம். நான் முதலில் செய்த காரியம், கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிப் பேப்பரில் சுற்றி, குப்பை வண்டியில் கொண்டுபோய்ப் போட்டது. அடுத்த நாள் உன் அம்மா கிளாஸ் எங்கே என்று கேட்டாள். பூனை தட்டிவிட்டது என்றேன். அந்தப் பத்து நிமிஷத்தோடுதான் பொங்கலன்று உன் எதிரில் நின்று நான் எதிர்ப்பேச்சுப் பேசினேன். உள்ளுக்குள் பயந்திருந்தேன். பயந்தவன் பேசுகிற பேச்சு அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

இப்போது உன் பேண்ட்டுக்கு வருகிறேன். கபூர் பாய் இங்கே பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "யோவ், மூச்சு உட்டுப் பேசு, கை நோவுது" என்கிறார். அவருக்கு ஒரு டீ வந்தது, குடித்துவிட்டார், தொடர்கிறோம்.

கோபத்தில் கிளம்பிய நீ மாற்றிப்போட்ட பேண்ட்டை ஆணியிலேயே விட்டுவிட்டுப் போனாய். உன் அம்மா ஊறவைக்க எடுத்தாள், பாக்கெட்டைத் துழாவி ஒரு சின்னக் கவரை எடுத்து என்னிடம் நீட்டினாள். உள்ளே ஒரு மாத்திரை அட்டை. பதினைந்து மாத்திரை, ஒன்றுகூடப் பிதுக்கவில்லை. அட்டையின் முதுகில் வெள்ளித்தாள் சுருங்காமல் புதுத் தோல் மாதிரி இருந்தது, ஆனால் கவரின் ஓரம் பாக்கெட்டிலேயே கிடந்து தேய்ந்து பஞ்சாகியிருந்தது. கபூர் பாயிடம் காட்டினேன். கவரில் உன் பெயர், வயது நாற்பத்தி மூன்று, வேலூர் மருந்துக்கடை, காலையில் ஒன்று, தேதி என்று படித்தார். தேதியைக் கணக்குப் பண்ணினால் கார்த்திகை தீபத்துக்கு மறுவாரம். நான் கண்ணாடித் துண்டைப் பேப்பரில் சுற்றிய அதே வாரம். உனக்குப் போன் போட்டேன். "அது இன்னா மாத்திரடா?" என்றேன். "அது சைனஸுக்கு நைனா, தூக்கிப் போட்டுடு" என்றாய். இரண்டு தும்மலும் சேர்த்துத் தும்மினாய், அது கொஞ்சம் ஜாஸ்தி.

செவ்வாய்க்கிழமை தேன்மொழி வந்தாள். கபூர் பாயும் பேப்பர் படிக்க வந்து உட்கார்ந்திருந்தார். அட்டையை அவள் கையில் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தாள்.

"பிரஷர் மாத்திர தாத்தா. உங்களுக்கு நாங்க குடுக்கறதேதான், கம்பெனி வேற. யாருது?"

"தெரிஞ்சவங்களுது."

"ஒண்ணுகூட போடல போலகீதே தெரிஞ்சவங்க."

அப்போதுதான் எட்டு வருஷமாக உள்ளே வைத்திருந்த கேள்வியை வெளியே எடுத்தேன். மாத்திரை போட்டு நம்பர் இறங்கிவிட்டால் வேலை முடிந்ததுதானே, மறுபடி எதற்குப் போடணும், டிரம்மில் பதமான தோலுக்கு எவனாவது திரும்ப மருந்து போடுவானா என்று விலாவாரியாகச் சொன்னேன். வெள்ளைக் கோடு, நீலம், கொதி தண்ணீர் எல்லாம் சொன்னேன். அந்தப் பொண்ணு பையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரைக்கும் கேட்டாள். பிறகு பட்டையை என் கையில் சுற்றிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"அது செத்த தோலு தாத்தா. அதுக்கு ஒரு தடவ போதும். நீங்க இன்னும் சாவலயே."

கபூர் பாய் சிரித்த சிரிப்பில் பேப்பர் கீழே விழுந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாரோ கழுத்துப் பக்கம் ஒரு வெட்டு வெட்டி உள்ளே பார்த்த மாதிரி இருந்தது. "மாத்திர இன்னிக்குப் போட்டா இன்னிக்குத்தான் புடிச்சி வெக்கும். ரத்தம் நாளைக்கும் ஓடும் இல்ல? நாளைக்கும் போடணும்" என்றாள். அவ்வளவுதான், அதற்குமேல் கிளாஸ் எடுக்கவில்லை. அன்று எனக்கு நூற்று எழுபத்தி ஆறு, நூறு. டப்பா சமாசாரத்தை அப்போதே அவளிடம் சொல்லிவிட்டேன். அவளுக்குக் கோபம் வந்தது, வரவேண்டியதுதான். "மாத்திர போட்டும் இவருக்குக் கொறையலன்னு டாக்டரம்மா டோஸ ஏத்தச் சொல்லிகினு இருந்தாங்க தாத்தா. ஏத்திக் குடுத்து நீங்க ஒரு நாளு ரோஷம் வந்து நெஜமாவே முழுங்கியிருந்தா?" என்றாள்.

அதே சூட்டில் பட்டையைக் கழற்றிக் கபூர் பாய் கையில் கட்டினாள். நூற்று இருபத்தி எட்டு. "பாய் கரெக்டா போடறாரு, பாருங்க" என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன்.

"இன்னா பாய், நீ மாத்திர போடறியா?"

"பதினோரு வருஷமா."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"பிரஷர் மாத்திர போடறேன்னு தமுக்கு அடிக்கணுமா? நீ எங்கிட்ட சொன்னியா?"

முப்பது வருஷத் தோஸ்த்து. வீட்டுச் சண்டை, பிள்ளைகள் கல்யாணம், மூலம் பவுத்திரம் வரைக்கும் பேசியிருக்கிறோம். இதை மட்டும் இரண்டு பேரும் பேசவில்லை. இதை எழுதும்போது பாய்க்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது, எழுதட்டும். ஆம்பிளைக்கு இது என்ன வெட்கமோ தெரியவில்லை. மாத்திரை போட்டால் வயசாகிவிட்டது என்று அர்த்தமாம், போடாவிட்டால் ஆகவில்லையாம்.

அடுத்த நாள் பாயே என்னைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டரம்மா சின்ன வயசு, உன் சம்சாரத்தைவிடச் சின்னது. கிளாஸ் விழுந்த கதையை முதல் தடவையாக வாயைத் திறந்து சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவை நிறுத்தினாள். "பெரியவரே, அது மூளைக்கு ரத்தம் போறது கொஞ்ச நேரம் அடைபட்டுத் திறந்தது. அடுத்த தடவ திறக்காமப் போவலாம். இனிமே அப்பிடி ஆனா கிளாஸப் பொறுக்காதீங்க, அந்த நிமிஷமே ஆம்புலன்ஸ்" என்றாள். ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள், தலையை ஸ்கேன் எடுக்க வேலூருக்கு எழுதிக் கொடுத்தார்கள். எடுத்தாயிற்று, பயப்படும்படி ஒன்றும் இல்லை என்றார்கள், அதனால் நீ இப்போது போனைத் தேடாதே, முழுசும் படி. இன்னும் ஒரு மாத்திரை சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள், ரத்தம் கட்டாமல் இருக்க.

நானும் விடவில்லை, எனக்கு இருந்த சந்தேகத்தை எல்லாம் கேட்டேன். ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாதாமே என்றேன். "சோறுகூட அப்படித்தான்" என்றாள். மாத்திரை கிட்னியைத் தின்னுமாமே என்றேன். "கிட்னியத் தின்றது பிரஷரு. அதுக்கும் சேத்துத்தான் மாத்திர" என்றாள். முருங்கைக்கீரையும் பூண்டும் போதாதா என்றேன். "நல்லாச் சாப்டுங்க, நடங்க, உப்பக் கொறைங்க, எல்லாம் உதவும். உங்க நம்பருக்கு அது மட்டும் பத்தாது" என்றாள். கடைசியில் ஒன்று சொன்னாள். "நான் எழுதித்தான் தர முடியும். வாயத் தொறக்கறது நீங்கதான்."

வெளியே வந்து பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். பாய் தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். செத்துப்போவதைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை சேகரு, எழுபது வயசு, பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன். எனக்குப் பயம் அந்தப் பத்து நிமிஷத்தின் மேல்தான். பத்து நிமிஷம் பத்து வருஷமாகிப் போனால்? நாக்கு கனமாகக் கிடக்க, உன் அம்மா முழங்கால் வலியோடு என்னைப் புரட்டிப்போட, நம்பர் எல்லாம் ஞாபகம் இருந்தும் ஒன்றைக்கூடச் சொல்ல முடியாமல் நான் கிடந்தால்? ஒரு மாத்திரை கசக்காது, வாசனை இல்லை, தண்ணீரோடு போய்விடுகிறது. அன்று அங்கேயே, பாயின் பாட்டில் தண்ணீரில், முதல் மாத்திரையை விழுங்கினேன்.

முதல் வாரம் பேஜாராகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் வீடு சுற்றியது. முன்பு என்றால் அதையே சாக்காக வைத்து நிறுத்தியிருப்பேன். இந்தத் தடவை போய்ச் சொன்னேன். கால் தொங்கப்போட்டு ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்கச் சொன்னார்கள், இரண்டாம் வாரம் சரியாகிவிட்டது. உப்பைக் கம்மி பண்ணியது மட்டும் இன்னும் பழகவில்லை. டெனரியில் கால் வைக்கிற இடமெல்லாம் உப்பு, தோலோடு வந்து கொட்டும், கூட்டிக் கூட்டி ஒதுக்குவோம். அப்படி உப்பிலேயே நின்றவனுக்கு இப்போது உப்பில்லாத குழம்பு. கருவாடு போயே போய்விட்டது. இருந்தாலும் பத்தாம் நாள் நூற்று ஐம்பத்தி எட்டு, இருபதாம் நாள் நூற்று நாற்பத்தி நாலு, நேற்று முதலில் சொன்னதுதான். ஒவ்வொரு நம்பருக்கும் எனக்குப் பதினெட்டு வயசில் முதல் டிரம்மைத் தனியாக இறக்கின சந்தோஷம். இந்தத் தடவை இறங்கிவிட்டது என்று நிறுத்த மாட்டேன். இறங்கியிருப்பதே போடுகிறதனால்தான் என்று எட்டு வருஷம் கழித்து மண்டையில் ஏறியிருக்கிறது.

உன் அம்மாவிடம் கிளாஸ் கதையைச் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. மாத்திரை ஆரம்பித்த நாலாம் நாள், அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது சொன்னேன். கீரையை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாள். மத்தியானம் சோறு போடும்போது, "நம்ம ஊட்ல பூன ஏது? அன்னிக்கே நெனச்சேன்" என்றாள். "நெனச்சியே, கேக்கறதுதான" என்றேன். "சொல்ற ஆளா இருந்தா பூனயக் கூட்டிகினு வருவீங்களா" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ரசம் ஊற்றினாள். அன்றிலிருந்து காலையில் மாத்திரையும் டம்ளரும் என் எதிரில் வந்து நிற்கிறது. விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டச் சொல்கிறாள். காட்டுகிறேன்.

சேகரு, உன் நம்பர் எனக்குத் தெரியாது. கவரில் அது எழுதவில்லை. என் கதை வேறு, உன் கதை வேறாக இருக்கலாம். உனக்கு மாத்திரைதான் வேணுமோ, நடையும் உப்புக் குறைப்பும் போதுமோ, அது அந்த வேலூர் டாக்டருக்குத் தெரியும், எனக்கும் பாய்க்கும் தெரியாது. அதனால் நான் சொல்கிறேன் என்பதற்காக முழுங்காதே. திரும்பப் போ. ஒரு வாரம் உட்கார்ந்து ஒழுங்காக அளந்து, அந்த நம்பரை எடுத்துக்கொண்டு போ. இரண்டரை மாசமாக வாங்கினதைத் தொடவில்லை என்று அவரிடமே சொல்லு. வேண்டாம் என்று முடிவு செய்தால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வேண்டாம் என்று இரு. வேணும் என்றால் போடு. பிதுக்காத அட்டையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு லைனுக்கும் வீட்டுக்கும் நடக்கிறாய் பார், அதற்குப் பெயர் முடிவு இல்லை. அது நான் பரணில் வைத்த டப்பா, கொஞ்சம் சின்னது. நீ என்னிடம் கத்தினது சரி. ஒவ்வொரு வார்த்தையும் சரி. அந்தக் கத்தலில் பாதி உனக்கே கத்திக்கொண்டது என்று இப்போது தெரிகிறது. உன்னைச் சொல்லிக் குற்றமில்லை, பதமாகிவிட்டது என்று பஸ் ஸ்டாண்டில் சொல்லிக் கொடுத்தவன் நான்.

அட்டையை இந்தக் கடுதாசிக்குள் வைத்திருக்கிறேன், பதினைந்தும் இருக்கிறது, எண்ணிக்கொள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பேத்தியையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு வருகிறாயாம், உன் அம்மா சொன்னாள். வருவதற்குள் மருமகளிடம் சொல்லிவிடு. உன்னோடு இருந்து சோறு போடுகிறவளுக்கு உன் பாக்கெட்டில் இருப்பது தெரியாமல், இங்கே ஆம்பூரில் மூன்று பேருக்குத் தெரிந்திருக்கிறது, அது நன்றாக இல்லை. நான் சொல்ல மாட்டேன். கபூர் பாய் பதினோரு வருஷம் வாயைத் திறக்காத ஆள், அவரும் சொல்ல மாட்டார். ஆனால் உன் பேண்ட்டை ஊறவைத்தது உன் அம்மா. இப்போது வாசலில் நின்று நாங்கள் எழுதுவதை எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் சொல்வதையும் அப்படியே எழுதச் சொல்கிறாள்:

"எழுதுங்க பாய். ஞாயித்துக்கெழம மத்தியானம் எல வெக்கற வரிக்கும்தான் நான் வாய மூடிகினு இருப்பேன். அதுக்குமேல அவங்கிட்டயும் கேக்க மாட்டேன், இவருகிட்டயும் கேக்க மாட்டேன். மொத வாய் சோறு எடுக்கறப்பவே மருமவகிட்ட சொல்லிடுவேன்."

இப்படிக்கு,
உன் நைனா (கைநாட்டு)